வழி தவறினால் நிற்க ஓர் இடம்

சென்னையிலிருந்து முன்னிரவில் தெற்கே புறப்படும் ரயில்களில் பல, திருச்சி சந்திப்பைத் தொடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். திருச்சியில் படிக்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் ஊருக்குப் போக இந்த வண்டிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குக் கிளம்ப நினைக்கிற பிள்ளை, வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறது. வண்டி வரும் நேரமோ நள்ளிரவுக்கு மேல் ஒன்றரை மணி. வெள்ளிக்கிழமைத் தேதியிட்ட ஒன்றரை மணி வண்டி, வியாழன் இரவு எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வந்து போய்விடும். மறுநாள் இரவு பையும் கையுமாக நடைமேடையில் நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும். போன வண்டிக்கான டிக்கெட்டுக்குக் காசும் திரும்பாது.

கல்லூரி ஆசிரியர் என்ற முறையில் இந்தத் தேதித் தடுமாற்றத்தைப் பற்றிப் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன். பையன்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெண்கள் பெரும்பாலும் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த முறை தனியாக அனுப்பமாட்டார்கள் என்ற பயம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி மட்டும், பொங்கலுக்கு முந்தைய வாரம் தனக்கு நடந்ததை நிதானமாக, ஒவ்வொரு நிமிடமாக எனக்குச் சொன்னாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். அப்பா விசைத்தறித் தொழிலாளி. அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். வண்டி வந்து நின்றதும் தன்னுடைய பெட்டியில் ஏறி, தன்னுடைய படுக்கை எண்ணைத் தேடிப் போயிருக்கிறாள். அங்கே ஒரு பெரியவர் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்பத் தயங்கி நின்றபோது டிக்கெட் பரிசோதகர் வந்தார். அவளுடைய கைப்பேசித் திரையைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது நேத்து ராத்திரி போன வண்டிக்குள்ள டிக்கெட்டும்மா” என்றார். குரலில் கடுமை இல்லை. ஜெனரல் டிக்கெட் எடுத்து முன்பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். அவள் இறங்கி, டிக்கெட் எடுக்கக்கூட நேரமில்லாமல் முன்பக்கம் ஓடினாள். பண்டிகைக் கூட்டம். வாசற்படியிலேயே நான்கைந்து ஆண்கள் தொங்கிக்கொண்டு நின்றார்கள். கழிப்பறை வாசல் வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய பகுதியில் கதவைத் திறக்க வழியில்லை. உள்ளேயிருந்து ஒருவர், “ஏறு பாப்பா, கைய குடு” என்று கையை நீட்டினார். படியில் ஒரு காலை வைத்தாள். பிறகு அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். வண்டி போய்விட்டது.

“ஏறாம எறங்குனதுதான் சார் நான் அன்னைக்குச் செஞ்சதுல பெரிய விஷயம்” என்றாள் என்னிடம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிற ஒருத்தி, கண்ணெதிரே வண்டி நகரப் போகிறது என்று தெரிந்தும், இது வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கு ஒரு தெளிவு வேண்டும். டிக்கெட் இல்லாமல், மூச்சுவிட இடமில்லாத பெட்டியில், இருட்டில், தெரியாதவர்களுக்கு நடுவே ஐந்து மணிநேரம் போவதைவிட, விளக்கு எரிகிற நடைமேடையில் நிற்பது நல்லது என்று அந்த நொடியில் அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கை அவளுக்காக வேறு யாரும் போடவில்லை.

அதன்பிறகு குடிநீர்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். கைப்பேசியில் சார்ஜ் கடைசிக் கோட்டில் இருந்தது. நடைமேடையைக் கூட்டிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் போய், வண்டி தவறிப்போனதைச் சொல்லி, விடியும்வரை எங்கே இருக்கலாம் என்று கேட்டாள். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெண்கள் காத்திருப்பு அறை வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுப் போனார். அறையில் இருந்த பெண் ஊழியர் டிக்கெட்டைக் கேட்டார். காலாவதியான டிக்கெட்டைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். நோட்டில் பெயரையும் ஊரையும் எழுதச் சொல்லிவிட்டு, சுவரோரத்து நாற்காலியைக் காட்டினார் அவர். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுகிற இடமும் இருந்தது. உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் வீட்டுக்குப் பேசினாள்.

“எப்பா, நான் வண்டிய விட்டுட்டேன். தேதிய மாத்திப் போட்டுட்டேன்.”

“பயப்படாத தாயி. நீ அங்கனயே இரு. மாமாகிட்ட கார வாங்கிட்டு நா இப்பமே வாரேன்.”

“நீங்க இப்ப கெளம்புனாலும் விடியத்தான் வந்து சேருவீக. வர வேண்டாம்ப்பா. பொம்பளைக இருக்கிற ரூம்லதான் இருக்கேன். விடிஞ்சதும் மதுரைக்கு பஸ் ஏறி வந்துருதேன்.”

“கையில காசு இருக்கா?”

“இருக்குப்பா.”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி. மதுரை வந்ததும் ஒரு போனப் போடு” என்று சொல்லி அப்பா வைத்துவிட்டார். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் மகள் பேசினாள். அதன்பிறகும் அந்த வீட்டில் அவளுடைய பயணத்துக்கு வேறு யாரும் டிக்கெட் போடுவதில்லை. தம்பியின் பயணத்துக்கும் இப்போது அவள்தான் போடுகிறாள்.

இந்த நிகழ்ச்சியில் அந்தப் பெண்ணின் துணிச்சலை எல்லாரும் பாராட்டுவார்கள். நான் அவளுடைய அப்பாவையும் சேர்த்துப் பாராட்டுகிறேன். “சரி” என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது வேறு. பிள்ளை போன் செய்த அடுத்த நிமிடம் அப்பா சித்தப்பாவைக் கூப்பிடுவார். சித்தப்பா தன்னுடன் வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிடுவார். அவர் அந்த ஊரில் இருக்கிற தன் மைத்துனரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி பைக்கில் அனுப்புவார். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் இவ்வளவு பேர் பேசி முடிவெடுக்கிற அந்த அரைமணி நேரத்தில், சம்பந்தப்பட்ட பிள்ளைக்கு ஒரே வேலைதான்: நின்ற இடத்தைவிட்டு நகராமல், யாராவது வந்து எடுத்துப் போகிறவரைக்கும் பார்சல் மாதிரி காத்திருப்பது.

பத்தொன்பது வயதில் ஓட்டுப் போடலாம், பெண் என்றால் சட்டப்படி திருமணம்கூடச் செய்துகொள்ளலாம். அந்த வயதுப் பிள்ளை அடுத்த வண்டி எது என்று விசாரணைக் கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே என்று விடுவதற்கு நமக்கு மனம் வருவதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். அந்த வாயைத் திறக்க வேண்டிய நேரம் வரும்போது, நாம் முந்திக்கொண்டு பேசிவிடுகிறோம். கைப்பேசி வந்தபிறகு இது இன்னும் கூடிவிட்டது. பிள்ளை எந்த ரயில்வே கேட்டைத் தாண்டுகிறது என்பதை வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்க்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் பொய்யில்லை. ஆனால் தவறு நேரும் முன்பே யாரோ திருத்திவிடுகிற பயணத்தில், தவறைத் தானே சரிசெய்துகொள்ளப் பிள்ளை பழகுவதே இல்லை.

தமிழ்நாட்டில் மிகவும் பேசப்பட்ட ஓர் இளைஞனின் பயணத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக இருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, சீட்டு எழுதிவைத்துவிட்டுப் போனான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது அவரைத்தான். அவருடைய ஆன்மிகத்தைப் பற்றிப் பேச இந்தக் கட்டுரையில் இடமில்லை. வீட்டைவிட்டுப் போவதை எந்தப் பிள்ளைக்கும் நான் முன்மாதிரியாகச் சொல்லவும் மாட்டேன். அந்தப் பயணம் எப்படி நடந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

அவர் வழி பார்த்தது ஒரு பழைய வரைபடப் புத்தகத்தில். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிதாகப் போட்டிருந்த ரயில் பாதை அதில் இல்லை. அதனால் திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணா கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டார். ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்விதான், விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று சொல்லித் திருத்தினார். விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் மிஞ்சியிருந்தது சில்லறை. சாப்பிட்ட இடத்தில் கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து அரையணிநல்லூர் கோயிலுக்கு நடந்தார். திருக்கோவிலூரை ஒட்டிய கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரின் வீட்டில் சோறு கிடைத்தது. காதில் கிடந்த தங்கக் கடுக்கனை அவரிடம் அடகு வைத்து 4 ரூபாய் பெற்று, மிச்ச வழியைக் கடந்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இறங்கினார்.

காசு எதுவரைக்கும் வரும், எங்கிருந்து நடக்க வேண்டும், எதை அடகு வைக்கலாம் என்று ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சிறுவனே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதே சமயம், ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். வழி திருத்திய மௌல்வி, காசு வாங்காத கடைக்காரர், அடகுக்குப் பணம் கொடுத்த பாகவதர். யாரும் அவரைக் கையைப் பிடித்துக் கடைசிவரை அழைத்துப் போகவில்லை. அந்தந்த இடத்தில் தேவையானதை மட்டும் செய்துவிட்டு அடுத்த அடியை அவரிடமே விட்டுவிட்டார்கள். திருச்சி நடைமேடையில் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு அறை வாசல் வரை வந்த அம்மா செய்ததும் இதைத்தான். தன்னந்தனியாக எல்லாவற்றையும் சமாளிப்பவரைத்தான் நாம் சுயமாக நிற்கிறவர் என்கிறோம். உண்மையில் யாரிடம் கேட்கலாம், எதைக் கேட்கலாம், கிடைத்த பதிலை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்தவர்தான் அப்படி நிற்க முடியும்.

ஆண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு குறை உண்டு. அவர்களைத் தைரியமாக அனுப்புகிறோம், கேட்கக் கற்றுக்கொடுப்பதில்லை. “ஆம்பளப்புள்ள, எங்க வேணாலும் படுத்துக்குவான்” என்று விட்டுவிடுகிறோம். அவனும் வழி தெரியாததை வெளியே காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு, தவறான பேருந்தில் ஏறித் தவறான ஊரில் இறங்கி, யாரிடமும் பேசாமல் விடியவிடிய ஒரு சிமென்ட் பெஞ்சில் கிடக்கிறான். ஊருக்கு வந்ததும் அதைச் சாகசமாகச் சொல்கிறான். அந்த இரவில் அவன் பட்ட பயத்தை வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பயணத்தில் படுகிற எல்லா அல்லலும் பாடம் கற்றுத்தரும் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது ஆபத்து. 2018 மே 6 அன்று நடந்த நீட் தேர்வுக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்குக் கேரளத்திலும் ராஜஸ்தானிலும் மையங்கள் ஒதுக்கினார்கள். ஊர்பேர் தெரியாத இடத்துக்கு, மொழி தெரியாமல், கடன் வாங்கி, இரவு முழுக்கப் பயணம் செய்து போய்த் தேர்வு எழுதினார்கள் பதினேழு வயதுப் பிள்ளைகள். திருவாரூர் மாவட்டத்திலிருந்து மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போன தந்தை ஒருவர், மகன் தேர்வறையில் இருந்தபோதே மாரடைப்பில் இறந்தார். அந்தப் பயணத்தைப் பிள்ளைகளை வலுப்படுத்தும் அனுபவம் என்று யாராவது சொன்னால் அதைவிடக் கொடுமை இல்லை. தேர்வு நடத்துகிறவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யாததன் சுமையைப் பிள்ளைகளின் தலையில் வைத்த சம்பவம் அது. தான் செய்த தவறைத் தானே சரிசெய்யும்போது பிள்ளை வளர்கிறது. அடுத்தவர் செய்த அநியாயத்தைச் சுமந்து நடக்கிறபோது தேய்ந்துதான் போகிறது.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2025 பிப்ரவரியில் கோவையிலிருந்து திருப்பதிக்குப் போன ரயிலில், பெண்கள் பெட்டியில் சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார் ஒரு கர்ப்பிணி. ஜோலார்பேட்டையில் மற்ற பெண்கள் இறங்கியபிறகு பெட்டிக்குள் ஏறிய ஒருவன், அவரிடம் அத்துமீற முயன்று, காட்பாடி அருகே ஓடும் ரயிலிலிருந்து கீழே தள்ளினான். அவர் உயிர் பிழைத்தார். வயிற்றிலிருந்த குழந்தை பிழைக்கவில்லை. அந்தப் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. டிக்கெட் இருந்தது, ஏறிய பெட்டி சரியான பெட்டி, போன திசையும் சரியான திசை. இந்தச் செய்தியைப் படித்த அப்பா தன் மகளைத் தனியாக அனுப்பத் தயங்கினால், அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

இருந்தும் பெண்கள் பயணத்தைக் குறைத்துக்கொள்ள முடியாத காலம் இது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம் என்று மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் பெண்கள் ஆண்களைவிட எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிகளின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்கிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவ்வளவும் சேர்ந்து, அம்மாவும் பாட்டியும் தனியாகப் பக்கத்து ஊருக்குக்கூடப் போகாத வீடுகளிலிருந்து, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் படிக்கவும் வேலை பார்க்கவும் ஒரு தலைமுறைப் பெண்களைக் கிளப்பிவிட்டிருக்கின்றன. அவர்களில் யாராவது ஒருத்தி ஒவ்வோர் இரவும் எங்காவது ஒரு வண்டியைத் தவறவிடுவாள். அந்த இரவை அவள் எப்படிக் கழிக்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான், அவள் வீட்டில் அடுத்தவள் படிக்கப் போவாளா என்பதும் முடிவாகும்.

அவளுக்கு ஆதரவாக நிற்கிற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவு, கட்டணம் செலுத்த மறுப்பவரை அல்லது செலுத்தாதவரை வண்டியிலிருந்து இறக்கிவிட ஊழியருக்கு அதிகாரம் தருகிறது. அதே பிரிவு, ஆண் துணையில்லாமல் பயணம் செய்கிற பெண்ணையோ குழந்தையையோ நினைத்த இடத்தில் இறக்கிவிடக் கூடாது என்கிறது. பயணம் தொடங்கிய நிலையம், சந்திப்பு, வண்டி முடியும் நிலையம், மாவட்டத் தலைநகர நிலையம் ஆகிய இடங்களில் மட்டும்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும். ரயில்வேயின் உதவி எண்ணும் 139தான் என்பதால் மனதில் வைத்துக்கொள்வது எளிது. தொலைதூர வண்டி ஒவ்வொன்றிலும் படுக்கை வகுப்பில் ஆறு படுக்கைகள் பெண்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் என் வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். 139 என்ற எண் சிலருக்குத் தெரிந்திருந்தது. சட்டப் பிரிவைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் உட்காரவைத்து நாம் சொல்லிக்கொடுத்த எத்தனையோ விஷயங்களுக்கு நடுவே, நள்ளிரவில் நடைமேடையில் நிற்கும்போது கைகொடுக்கிற இந்த நான்கு வரிகளுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து குடும்பப் பயணத்துக்கான டிக்கெட்டை அதன் கையாலேயே போடச் சொல்லலாம். தவறாகப் போட்டால் ஒரு முறை காசு போகும், அவ்வளவுதான். கைப்பேசி அணைந்துவிட்டால் யாரை எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டுப் பாருங்கள். பெற்ற தாயின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் நிறைய. கைப்பேசியிலேயே பணம் கட்டிப் பழகியவர்கள் பையில் சில்லறைகூட வைத்துக்கொள்வதில்லை. பர்சில் வைக்காமல் தனியாக மடித்து ஒளித்துவைத்த ஒரு 500 ரூபாய்த் தாள், சிக்னல் இல்லாத நேரத்தில் பெரிய தைரியம் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு நடந்த இரவில் திட்டாமல் இருப்பது முக்கியம். “அப்பவே சொன்னேன்ல” என்று தொடங்குகிற வீட்டுக்குப் பிள்ளை அடுத்த முறை போன் செய்யாது.

வீட்டால் ஓர் எல்லை வரைக்கும்தான் செய்ய முடியும். சங்கரன்கோவில் அப்பா “சரி” என்று சொன்னதற்குக் காரணம் மகள் மேல் வைத்த நம்பிக்கை மட்டும் இல்லை. பெண்கள் இருக்கிற அறையில் இருக்கிறேன் என்று மகளால் சொல்ல முடிந்தது. அங்கே ஓர் அறை இருந்தது. அது பூட்டாமல் இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு பெண் ஊழியர் விழித்திருந்தார். இந்த நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் மாமாவிடம் கார் கேட்டுக் கிளம்பியிருப்பார், மகளும் வரச்சொல்லியிருப்பாள். ரயில் சந்திப்புகளில் ஓரளவுக்குக் கிடைக்கிற இந்த வசதி பேருந்து நிலையங்களில் அரிது. நம் மக்களில் பெரும்பாலானவர்கள் போய்வருவது பேருந்தில்தான். இரவு பத்து மணிக்கு மேல் மாவட்டத் தலைநகரப் பேருந்து நிலையங்களைச் சுற்றிப் பாருங்கள். டீக்கடை வெளிச்சத்தில்தான் பெண்கள் கூடி நிற்பார்கள். கழிப்பறை பூட்டியிருக்கும், அல்லது உள்ளே போக முடியாத நிலையில் இருக்கும். காத்திருக்கும் இடத்து இருக்கைகளில் ஆண்கள் படுத்திருப்பார்கள்.

இப்போது பேருந்து நிலையங்கள் ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருப்பதால் சிக்கல் கூடியிருக்கிறது. சென்னையில் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையத்தைத் திறந்தபோது அதற்கென்று ரயில் நிறுத்தம் தயாராகியிருக்கவில்லை. பழைய நிலையமான கோயம்பேட்டுக்குப் போய் வண்டி இல்லாமல் திகைத்து நின்றவர்கள் எத்தனையோ பேர். திருச்சியில் சந்திப்பு நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் மத்தியப் பேருந்து நிலையம் இருந்தது. அந்த மாணவி விடிந்ததும் அங்கே நடந்துபோய்த்தான் மதுரை வண்டி ஏறினாள். 2025இல் பஞ்சப்பூரில் புதிய முனையம் வந்துவிட்டது. நெரிசலைக் குறைக்க இந்த மாற்றங்கள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ரயிலைத் தவறவிட்டவர் பேருந்தைப் பிடிக்க நள்ளிரவில் ஆட்டோ தேட வேண்டியிருக்கிறது என்றால், திட்டம் போட்டவர்கள் கணக்கில் அந்தப் பயணி வரவில்லை என்றுதான் பொருள்.

வழிப்போக்கருக்குத் தங்க இடம் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சாலையும் சத்திரமும் அமைத்தவர் என்றே ராணி மங்கம்மாளைத் தென்மாவட்டத்து மக்கள் முந்நூறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. அன்று யாத்திரிகருக்காகக் கட்டினார்கள். இன்று அதே பாதைகளில் போகிறவர்கள் கல்லூரி மாணவிகள், தொழிற்சாலைப் பெண்கள், முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போகிற பையன்கள்.

அரசு மனது வைத்தால் முடியும் என்பதற்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2015இல் தமிழ்நாடு முழுவதும் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் குழந்தைக்குப் பாலூட்டத் தனி அறைகளை அரசு திறந்தது. அதற்கு முன்பு அப்படி ஓர் அறை வேண்டும் என்று எந்த நகராட்சியும் யோசித்ததாகத் தெரியவில்லை. இரவு காத்திருப்பு அறையையும் அதேபோல ஓர் ஆணையில் செய்துவிடலாம். எல்லா மாவட்டத் தலைநகரப் பேருந்து நிலையங்களிலும், இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் திறந்திருக்கிற ஓர் அறை. சீராக எரியும் விளக்கு, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, சார்ஜ் போட நான்கைந்து இடங்கள், வந்தவர் பெயரை எழுதிக்கொள்ள ஒரு நோட்டு, அதற்குப் பொறுப்பாக இரவுப் பணியில் ஒரு பெண் ஊழியர். கடை வாடகையும் வாகன நிறுத்தக் கட்டணமும் பேருந்துகளுக்கான நுழைவுக் கட்டணமும் வசூலிக்கிற நகராட்சிகளுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாதது இல்லை. வரப்போகிற பொங்கல் கூட்டத்துக்குள் முதற்கட்டமாகத் திருச்சி, மதுரை, விழுப்புரம், சேலம், திருநெல்வேலி ஆகிய ஐந்து ஊர்களிலாவது இதைத் தொடங்க நகராட்சி நிர்வாகத் துறை உத்தரவிட வேண்டும்.